தீக்கும் ஒரு பங்கு தண்ணீர்

பட்டாசைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன்.

சிவகாசி 1920-இல் நகராட்சி ஆனது. அடுத்த சில ஆண்டுகளில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். வானம் பொய்த்த கரிசல் பூமிக்குத் தீ சோறு போட்டது. மருந்து காய வெயில் வேண்டும். வறட்சியே தொழிலுக்கு வசதி. ஆனால் தீப்பிடித்தால் தண்ணீருக்கு எங்கே போவது?

மத்திய அரசின் குடிநீர்க் கையேட்டில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. மக்கள்தொகையை ஆயிரத்தில் எழுதி, வர்க்கமூலம் கண்டு, நூறால் பெருக்கினால் கிடைப்பது தீயணைப்புக்கு வேண்டிய கிலோலிட்டர். 2011-இல் சிவகாசி நகராட்சியில் சுமார் 71,000 பேர். விடை ஏறக்குறைய 8.4 லட்சம் லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு குடிநீர்த் தொட்டிகளில் இருக்க வேண்டும்; மீதி ஊருக்குள் ஆங்காங்கே தனித் தொட்டிகளில்.

ஏன் தனித் தொட்டி? பெரிய குழாயாகப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். 4 அங்குலக் குழாயை 6 அங்குலமாக்கினால் உள்ளே தங்கும் நீர் இரண்டேகால் மடங்கு. குடிப்பவர்கள் அதே ஆட்கள்தான். நீர் தேங்கும், குளோரின் வீரியம் குறையும், கிருமி வளரும். தீக்காகப் போட்ட குழாய் குடிநீரைக் கெடுத்துவிடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். வெம்பக்கோட்டை அணையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் வரும் நீரை முறை வைத்து விடுகிறார்கள். மற்ற நேரம் குழாய் காலி. தீ முறை பார்த்து வருமா? காலிக் குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடையும் உள்ளே புகும்.

நம் முன்னோர் வெட்டிய ஊருணியும், விருதுநகர்த் தெப்பக்குளமும் கையேடு கேட்கும் அந்தத் தனித் தொட்டிகள் போலத்தான். தீயணைக்கக் குடிநீர் தேவையில்லை, மழைநீர் போதும்.

2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உதவ ஓடியவர்களும் அதில் உண்டு. அலுமினியத் தூளில் பற்றிய தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மணல்தான். தண்ணீர், அடுத்த கொட்டகைக்குத் தீ பரவாமல் காக்க.

மாநகராட்சியிலும், தீயணைப்புத் துறையிலும், ஆலைகளிலும் என் மாணவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள ஊருணியில் தண்ணீர் இருக்கிறதா, அதன் கரை வரை தீயணைப்பு வண்டி போக வழி இருக்கிறதா? இந்த வாரமே போய்ப் பார்த்து எழுதுங்கள்.