அலமகோர்டோ குழிக்குள் போன கணக்கு



எமது வானொலியின் இளையோர் நிகழ்ச்சியில், பிள்ளைகள் இணையத்தில் கண்ட புதினங்களைக் கொண்டுவந்து சொல்லும் பகுதி ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கைத்தொலைபேசியில் ஒரு துண்டுப்படத்தைக் காட்டினான். பச்சை உருவம் ஒன்று நடந்துபோய்க் குழிக்குள் விழுகிறது. ஒருமாதிரி மேலே வருகிறது. திரும்பவும் விழுகிறது.

"அங்கிள், உலகத்திலேயே ஆக மோசமான கேம் இதுதான். இந்த ஒரு கேமாலதான் அட்டாரிக் கொம்பனியே விழுந்தது. விக்காத காட்ரிட்ஜ் எல்லாத்தையும் பாலைவனத்தில புதைச்சவையாம்" என்றான்.

நான் முப்பது வருடமாகக் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். ஒரேயொரு பொருளால் ஒரு கம்பனி விழுந்தது என்று யாராவது சொன்னால், எனக்கு உடனே அதன் ஐந்தொகையைப் பார்க்க வேண்டும் போல இருக்கும். பையன் போனபிறகு ஒரு மாதம் இதையே தேடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அட்டாரி 1972இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பனி. 1976இல் வோர்ணர் கொமியூனிகேசன்ஸ் அதை 28 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு வந்த வீட்டு விளையாட்டுப் பெட்டிதான் பின்னாளில் அட்டாரி 2600 எனப் பெயர் பெற்றது. தொலைக்காட்சியோடு இணைத்து, காட்ரிட்ஜ் என்ற பிளாஸ்ரிக் கட்டையைச் செருகினால் விளையாட்டு வரும். ஊரில் மின்சாரமே வந்து வந்து போன காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் அதன் முன்னால் குந்தியிருந்தார்கள்.

1982 யூனில் ஸ்ரீபன் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' படம் வெளிவந்து உலகமே அதைப் பார்த்தது. அதை விளையாட்டாக்கும் உரிமையை அட்டாரி 20 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியதாகச் சொல்லப்படுகிறது. பேச்சுவார்த்தை முடியும்போது யூலை கடைசி. நத்தாருக்குக் கடையில் சாமான் இருக்க வேண்டுமென்றால் செப்டெம்பர் தொடக்கத்தில் வேலை முடிய வேண்டும். ஒரு விளையாட்டு எழுத ஆறேழு மாதம் எடுப்பது வழக்கம். ஹவாட் ஸ்கொட் வோர்ஷா என்ற இளைஞருக்குக் கிடைத்தது ஐந்து வாரம். அவர் சாதாரண ஆள் அல்ல; 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற பெயர்பெற்ற விளையாட்டை எழுதியவர். வீட்டிலும் ஒரு கணனியை வைத்து இரவுபகலாக எழுதி, சொன்ன திகதிக்குக் கொடுத்தார். குழிகளுக்குள் கிடக்கும் தொலைபேசித் துண்டுகளைப் பொறுக்க வேண்டும் என்பது ஆட்டம். பிள்ளைகளுக்கோ விழுந்து எழும்புவதே வேலையாகப் போயிற்று.

இனிக் கணக்குக்கு வருவோம். ஈ.ரி. ஏறத்தாழ 15 இலட்சம் விற்றது. அந்தக் காலத்துக்கு அது நல்ல விற்பனை. பிழை என்னவென்றால், ஏறத்தாழ 40 இலட்சம் செய்து வைத்திருந்தார்கள். எத்தனை செய்வது என்று முடிவெடுத்தது வோர்ஷா அல்ல.

அதற்கு முன்னமே நோய் தொடங்கிவிட்டது. 1981 இலையுதிர் காலத்தில் அட்டாரி தன் விநியோகத்தர்களிடம், வரும் ஆண்டு முழுவதற்குமான கட்டளைகளை இப்போதே தரும்படி கேட்டது. கேட்டது முழுதாகக் கிடைக்காது என்று பழகியவர்கள், பத்து வேண்டுமென்றால் இருபது என்று எழுதிக் கொடுத்தார்கள். சங்கக்கடைக் கியூவில் நின்ற எமக்கு இது விளங்காத விசயமல்ல. 1982இல் போட்டிக் கம்பனிகளின் விளையாட்டுகள் கடைகளை நிறைத்தபோது அந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றாக இரத்தாகின. 'பாக்மன்' 70 இலட்சத்துக்கு மேல் விற்றும் மிச்சம் மலைபோலக் கிடந்தது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்த திகதி 1982 டிசெம்பர் 7. எதிர்பார்த்த இலாபம் வராது என்று வோர்ணர் அன்று அறிவித்தது. பங்கு விலை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. ஈ.ரி. விளையாட்டு அப்போதுதான் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது! இன்னும் திரும்பி வராத சாமான் எப்படிக் கம்பனியை விழுத்தும்? இன்னொன்று: அட்டாரியின் தலைமை அதிகாரி அந்த அறிவிப்புக்கு 23 நிமிடங்களுக்கு முன் தனது வோர்ணர் பங்குகளில் 5,000ஐ விற்றிருந்தார். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணைக்குழு விசாரித்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆதாயத்தைத் திருப்பிக் கொடுத்து அவர் விடயத்தை முடித்தார். 1983இல் அட்டாரியின் நட்டம் 500 மில்லியன் டொலரைத் தாண்டியது.

பல்கலைக்கழகத்தில் எமக்கு முதலாம் வருடத்திலேயே படிப்பித்த விதி: தொக்கை மதிப்பிடும்போது கிரயமா, தேறிய தேறத்தக்க பெறுமதியா, எது குறைவோ அதைத்தான் ஏட்டில் எழுத வேண்டும். ஒருவரும் வாங்காத காட்ரிட்ஜின் பெறுமதி பூச்சியம். களஞ்சிய வாடகையைச் சேர்த்தால் பூச்சியத்துக்கும் கீழே. ஆகவே 1983 செப்டெம்பரில் ரெக்சாஸ் மாநிலம் எல் பாசோவிலிருந்து பாரவண்டிகள் புறப்பட்டு, நியூ மெக்சிக்கோவின் அலமகோர்டோ என்ற சிறு நகரத்தின் குப்பைமேட்டுக்குப் போயின. நசித்துப் புதைத்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் இரவில் வந்து பொறுக்கத் தொடங்கியதும் மேலே கொங்கிரீட் ஊற்றினார்கள். அந்த மாதமே 'நியூயோர்க் ரைம்ஸ்' இதை எழுதியது.

பத்திரிகையில் வந்தும், பத்துப் பதினைந்து வருடத்தில் இது கட்டுக்கதை என்று பலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இதில் ஆச்சரியப்பட எனக்கு ஒன்றுமில்லை. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் அம்மா காணி உறுதியைப் பானைக்குள் வைத்துக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தவர். "உண்மையாவோ அம்மம்மா?" என்று என் பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள். தோண்டிக் காட்ட முடியாதவரைக்கும் எல்லாம் கதைதான்.

அலமகோர்டோவில் தோண்டிக் காட்டினார்கள். 2014 ஏப்ரல் 26இல், ஸக் பென் இயக்கிய ஒரு விவரணப் படத்துக்காக. புழுதிக்காற்று அடிக்க, நூற்றுக்கணக்கான இரசிகர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். நசிந்த பெட்டியோடு ஈ.ரி. வெளியே வந்தது. அதோடு 'சென்ரிபீட்', 'அஸ்ரறொயிட்ஸ்', 'மிசைல் கொமாண்ட்' என ஐம்பதுக்கு மேற்பட்ட வேறு விளையாட்டுகளும் வந்தன. பலவும் நன்றாக விற்றவை, ஆட்களுக்குப் பிடித்தவை! புதைக்கும் வேலையைப் பார்த்த முன்னாள் அட்டாரி முகாமையாளர், மொத்தம் 7,28,000 காட்ரிட்ஜுகள் என்றார். ஒரு மோசமான விளையாட்டின் சவக்குழி என்று உலகம் சொன்ன இடத்தில் கிடந்தது ஒரு களஞ்சியத்தின் மிச்சம். எங்கள் தொழிலில் இதைக் கண்ணால் கண்ட தொக்குக் கணக்கெடுப்பு என்போம். அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இடையில் ஒரு சங்கதி. 1984இல் அட்டாரியின் வீட்டு விளையாட்டுப் பகுதியை வோர்ணர் விற்றது ஜாக் ட்ரமியல் என்பவருக்கு. போலந்து யூதர், அவுஷ்விற்ஸ் முகாமில் இருந்து தப்பியவர், 1947இல் அமெரிக்கா வந்து தட்டச்சு இயந்திரம் திருத்திப் பிழைத்தவர். கொமடோர் கம்பனியை அவர் தொடங்கியது கனடாவில், ரொறன்ரோவில். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சு வைக்கலாம்.

வோர்ஷா பிறகு விளையாட்டுத் தொழிலை விட்டு, உளவளச் சிகிச்சையாளராகப் படித்து வந்தார். முப்பது வருடம் அவர் பெயரைச் சொன்னால், "ஒரு தொழிலையே கெடுத்தவர்" என்ற பேச்சுத்தான். தோண்டிய அன்று அவரும் அந்தப் புழுதிக்குள் நின்றார். தான் அவ்வளவு காலத்துக்கு முன் எழுதியது இத்தனை பேரை ஓரிடத்தில் கூட்டியிருக்கிறதே என்று சொல்லும்போது கண் கலங்கியதைப் படத்தில் பார்த்தேன்.

எடுத்தது 1,300 அளவில்தான். ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பலவற்றை அலமகோர்டோ நகரசபை ஏலத்தில் விற்று ஒரு இலட்சம் டொலருக்கு மேல் பெற்றது. மற்றவற்றை அப்படியே விட்டுக் குழியை மூடிவிட்டார்கள்.

பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அங்கிள், ஏட்டில பூச்சியம் எண்டு எழுதின சாமானை ஏலத்தில வித்த காசை எந்தக் கணக்கில போடுறது?" என்று கேட்டான்.

வணிகம் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.