மகாயுகம் என்னும் பேரெண்

குடமுழுக்கின் தொடக்கத்தே சங்கல்பம் உரைக்குங்கால், கலியுகத்தின் முதற்பாதத்தில் நாம் நிற்பதாகச் சொல்லக் கேட்கின்றோம். கலியுகத்திற்கு ஆண்டு 4,32,000. அதன் பதின்மடங்கான 43,20,000 ஒரு மகாயுகம். இத்துணை நெடுங்காலத்தை இருந்து கண்டு எண்ணியவர் யார் என இளைஞர் வினவுகின்றனர். வினாவைச் சினந்து ஒதுக்குதல் முறையன்று. எவரும் இருந்து எண்ணினாரல்லர். கணிதத்திற்கு இசைவான எண்ணாகத் தெரிந்து கொள்ளப்பட்டது என்பதே எம் கருத்து.

அதன் இயல்பை நோக்குக. 2 என்பதை எட்டு முறையும், 3 என்பதை மூன்று முறையும், 5 என்பதை நான்கு முறையும் வைத்துப் பெருக்கின் 43,20,000 வரும். வேறு பகா எண் அதனுட் புகவில்லை. ஆகவே அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 180 உள. நாழிகைக் கணக்கிற்குரிய 60உம், வட்டத்தின் பாகைகளாகிய 360உம் அவற்றுள் அடங்கும். யுகங்களைத் தனித்தனியே பார்ப்பினும் இன்பமுண்டு. கிருதயுகத்தின் 17,28,000 என்பது 120இன் கனம். திரேதாயுகத்தின் 12,96,000 ஒரு வட்டத்திலுள்ள விகலைகளின் தொகை.

இவ்வெண்ணின் பயனை முழுதும் கொண்டவர் ஆரியபடர். கலியில் 3,600 ஆண்டு கழிந்த கி.பி. 499இல் தமக்கு வயது 23 என்று அவரே குறித்துள்ளார். ஒரு மகாயுகத்தில் நாட்கள் 1,57,79,17,500 என்றும், சனியின் சுற்றுகள் 1,46,564 என்றும் வகுத்தார். பின்னம் எங்கும் இல்லை. ஆண்டுத் தொகையையும் நாள் தொகையையும் 7,500ஆல் வகுத்தால், 576 ஆண்டிற்குச் சரியாக 2,10,389 நாள் எனச் சுருங்கும். அதனின்று கிடைக்கும் ஓராண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டளவு இதுவே.

யுகங்கள் நான்கும் சமமாய் 10,80,000 ஆண்டென்று ஆரியபடர் கொண்டதை, ஸ்மிருதிக்கு மாறென்று பிரமகுப்தர் 628இல் கண்டித்தார். ஆயினும் மொத்தத் தொகையில் இருவர்க்கும் பிணக்கில்லை.

பிழையும் உண்டு, மறைப்பானேன்? இக்கால அளவையின்படி நட்சத்திர ஆண்டு 365 நாள், 6 மணி, 9 நிமிடம், 10 விநாடி. ஆரியபடர் ஆண்டு அதனினும் 3 நிமிடம் 20 விநாடி மிகை. ஏறத்தாழ 432 ஆண்டில் இஃது ஒரு நாளாகத் திரளும். (432 என வந்தது தற்செயலே, அதில் மறைபொருள் தேடவேண்டா.) சனிக்கு அவர் கணக்கில் ஒரு சுற்று 10,766 நாள், இன்றைய கணிப்போ 10,759. பழங்கணக்கின் வழிவரும் வாக்கியமும், நேர்நோக்கோடு இசையத் திருத்திய திருக்கணிதமும் அதனால் பிரிந்து நிற்கின்றன. 2023இல் சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதம் ஜனவரியில் வைத்தது; வாக்கியம் டிசம்பரில் வைத்தது. அவ்வாண்டு இரு நாட்களிலும் அன்பர்கள் எள்விளக்கு ஏற்றினர்.