நகராட்சிப் பட்டறையும் நம் மக்களும்

மதுரை 1866-இல் நகராட்சியாயிற்று. 1971 மே முதல் நாள் மாநகராட்சியாக உயர்ந்தது. கைவண்டியிலும் மாட்டுவண்டியிலும் குப்பை சென்ற காலம் மாறி, லாரிகள் வந்தன. துடைப்பமே விதி என்றிருந்த நம் மக்களுக்குப் பட்டறை என்னும் புதிய வாயில் தென்பட்டது. 1950-இல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டமும், 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டமும் அதன் திறவுகோல்களாயின.

லாரி மெக்கானிக்கின் பணி எளிதன்று. குப்பை லாரியின் தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் தொட்டி சட்டென இறங்கிவிடும். ஆதலின் முட்டுக் கொடாமல் அதனடியில் புகலாகாது. கழிவுநீர் உறிஞ்சும் வண்டியில் பம்பின் தகடுகள் தேய்ந்தால் உறிஞ்சும் விசை குன்றும். அவ்வண்டி பழுதாகி நின்றால், குழிக்குள் மனிதரை இறக்கும் பழங்கொடுமை மீண்டும் தலைதூக்கும்.

பாதுகாப்பின்றிச் சாக்கடையில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. எனினும் 2022 ஏப்ரலில், மதுரை நேரு நகர்க் கழிவுநீர் உந்து நிலையத்தில், மோட்டார்ப் பணியின்போது தொழிலாளர் மூவர் மாண்டனர். சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. கருவியும் அதை இயக்கும் அறிவும் களத்தில் இருத்தல் வேண்டும்.

எனவே நாம் மாணவர்க்குச் சொல்வது இதுவே: ஸ்பானர் ஏந்தும் கை உயிர் காக்கும் கை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேருங்கள். அதனோடு நில்லாது, பொறியாளராகவும் அப்பட்டறைக்குள் நுழையுங்கள்.