புறா போச்சு, பேன் பிழைச்சது

கோழியும் புறாவும் வளர்க்கிறவங்களுக்குப் பேன் தொல்லை புதுசு இல்லைங்க. இறகைப் பிரிச்சுப் பார்த்தா பொடிப்பொடியா ஓடும். அதை ஒழிக்கிறது எப்படின்னுதான் நாம யோசிப்போம். ஆனா ஒரு பேன் அழிஞ்சு போச்சேன்னு கணக்கு வச்ச ஆட்களும் இருக்காங்க. அந்தக் கதை அமெரிக்காவுல நடந்தது.

அங்கே கிழக்குப் பகுதிக் காடுகளில் பயணிப் புறான்னு ஒரு காட்டுப்புறா இருந்தது. 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்திருக்கும்னு மதிப்பிடுறாங்க. கூட்டம் கிளம்பினா வானமே மறையும். வயல்ல இறங்கினா தானியம் மிஞ்சாது. அதனால விவசாயிகளுக்கும் அது மேல கோபம்தான். 1857இல் ஒஹாயோ மாநில சட்டமன்றத்தில் இந்தப் புறாவைக் காப்பாத்த ஒரு யோசனை வந்தப்போ, இவ்வளவு பெருகுற பறவைக்குப் பாதுகாப்பே தேவையில்லைன்னு குழு அறிக்கை கொடுத்தது.

அப்புறம் ரயிலும் தந்தியும் பரவிச்சு. புறா எங்கே அடை வச்சிருக்குன்னு தந்தி போகும், வேட்டைக்காரங்க ரயிலேறி வந்து இறங்குவாங்க. 1878இல் மிச்சிகன் மாநிலம் பெடோஸ்கியில் பெரிய வேட்டை நடந்தது. கொன்ன புறாவைப் பீப்பாயில் அடைச்சு நகரத்துக்கு அனுப்பினாங்க. காடும் வெட்டுப்பட்டது. கூட்டுக்கு ஒரே முட்டை இடுற பறவை எப்படி ஈடு கொடுக்கும்? கடைசிப் புறா மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்னிக்கு சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் செத்துப்போச்சு.

இப்போ பேனுக்கு வருவோம். பறவைப் பேன்களில் பல, ஒரு இனப் பறவையை விட்டு இன்னொரு இனத்துக்குப் போகாது. 1937இல் மால்கம்சன் என்ற ஆய்வாளர், பயணிப் புறாவின் மெல்லிய சிறகுப் பேனுக்கு ‘கொலம்பிகோலா எக்ஸ்டிங்க்டஸ்’ என்று பேர் வச்சார். ‘அழிந்துபோனது’ன்னு அர்த்தம். புறா போனதால் பேனும் போச்சுன்னு முடிவு.

அறுபது வருஷத்துக்கு மேல அந்த முடிவே நின்னுது. 1999இல் கிளேட்டன், பிரைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மேற்கு அமெரிக்காவில் இன்னும் பறக்கிற பட்டைவால் புறா மேலயும் அதே பேன் இருக்குன்னு எழுதினாங்க. அந்தப் புறா பயணிப் புறாவுக்கு நெருங்கிய சொந்தம்னு பின்னாடி மரபணு ஆய்வும் சொல்லுச்சு. பேரில் செத்த பேன், உயிரோடதான் இருக்கு.

இதே கிளேட்டன் மாடப்புறாவையும் வச்சு ஆராய்ச்சி பண்ணவர். புறா அலகின் மேல்நுனி கீழே கொஞ்சம் வளைஞ்சு நீண்டிருக்கும், பார்த்திருப்பீங்க. அந்த நுனியை மட்டும் தேய்ச்சு விட்டாங்க. புறா வழக்கம்போல இரை தின்னுது, ஆனா பேன் பெருகிடுச்சு. அலகால கோதும்போது பேனை நசுக்குறதுக்கு அந்த நுனிதான் உதவுது. பேன் அதிகமான புறாவுக்கு உள்ளிறகு குறைஞ்சு, உடம்புச் சூட்டைக் காப்பாத்தக் கூடுதல் சக்தி செலவாகுதுன்னும் கண்டாங்க.

எல்லாப் பேனுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்கலை. கலிபோர்னியா காண்டோர்னு ஒரு பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1987இல் மிச்சமிருந்த 27 பறவைகளும் கூண்டுக்குள்ள வந்தாச்சு. நல்லா வளரட்டும்னு மருந்து போட்டுப் பேனை எடுத்தாங்க. அந்தக் கழுகிடம் மட்டுமே இருந்த ஒரு பேன் இனம் அதோட முடிஞ்சுது. கழுகு பெருகி மறுபடி காட்டுக்குப் போச்சு, பேன் திரும்ப வரலை.

கோழிக்கூட்டுக்கு நான் சாம்பல் தூவுறதை நிறுத்தப் போறதில்லைங்க, நீங்களும் நிறுத்த வேண்டாம். ஆனா 1857இல் அந்தக் குழு எழுதினதை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். ஏராளமா இருக்குன்னு சொன்ன புறா, 57 வருஷத்துல ஒண்ணுகூட இல்லாமப் போச்சு. உங்க பக்கம் மணிப்புறா, கள்ளிப்புறா எல்லாம் முன்ன மாதிரி வருதா? எழுதுங்க.