திரும்பப் பெற்ற கட்டுரையும் திரும்பாத மேற்கோளும்

"முனிவர் மொழிந்தார், மறுபேச்சு ஏது?" என்று முழங்கும் பழமை. ஆய்வுக்கூடத்திலும் அக்குரல் ஒலிக்குமோ? ஒலித்தது!

2020 மே 22. கொரோனா உலகை உலுக்கிய வேளை. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள் எனக் கணக்குக் காட்டி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாவை மிகுக்கும் என்றது 'லான்செட்' கட்டுரை. உலக நலவாழ்வு நிறுவனமே அம்மருந்துச் சோதனையைச் சில நாள் நிறுத்திவைத்தது. ஆனால், ஆஸ்திரேலியாவில் மாண்டோர் தொகையோ அந்நாட்டு அரசுக் கணக்கையும் விஞ்சி நின்றது! மூலக் கணக்கைக் காட்டுக என்றனர் அறிஞர். காட்ட மறுத்தது 'சர்ஜிஸ்பியர்' நிறுவனம். சூன் 4-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே கணக்கை நம்பி எழுந்த இன்னொரு கட்டுரையை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழும் அன்றே கைவிட்டது.

ஆயினும் என்? அவ்விரண்டையும் சுட்டிய 200 ஆய்வுரைகளைப் புரட்டிய 'சயின்ஸ்' இதழ், பாதிக்கு மேற்பட்டவை தகாத முறையில் மேற்கோள் காட்டின என்று 2021 சனவரியில் வெளியிட்டது. படித்தா எடுத்தாண்டனர்? முதற்பக்கத்தைப் பார்த்திருந்தாலே போதும். 'திரும்பப் பெறப்பட்டது' என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்ததே!