விதைக்குள் நுழையும் காப்புரிமை: 3(ஜே) பிரிவின் எல்லை

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு, செடிகள், விலங்குகள், அவற்றின் பகுதிகள், விதைகள், அடிப்படையில் உயிரியல் சார்ந்த இனப்பெருக்க முறைகள் ஆகியவற்றுக்குக் காப்புரிமை மறுக்கிறது. நுண்ணுயிர்களுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. டிரிப்ஸ் ஒப்பந்தத்தை ஒட்டி 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவைச் சேர்த்தது. ஆனால் நுண்ணுயிர் எது, செடியின் பகுதி எது என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. மரபணு, செல், நொதி என்று பெங்களூரு ஆய்வகங்கள் உருவாக்கும் பலவும் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

அதே ஆண்டில் டிமினாகோ வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் முதல் கதவைத் திறந்தது. கோழிகளுக்கான பர்சிடிஸ் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது என்பதற்காக அதன் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இயற்கையில் உள்ளபடியே பிரித்தெடுத்த மரபணு வரிசையை 3(சி) பிரிவு தடுக்கிறது. காப்புரிமை அலுவலகத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின் நிலைப்பாடும் அதுவே.

உண்மையான சிக்கல் மான்சான்டோ-நுசிவீடு வழக்கில் வெளிப்பட்டது. மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவின் மரபணுவிலிருந்து ஆய்வகத்தில் வடிவமைத்த வரிசைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அது பருத்திச் செல்லில் பதிந்து செடியானதும், விதை நிறுவனங்கள் அச்செடியைத் தங்கள் ரகங்களோடு வழக்கமான முறையில் கலப்பினம் செய்கின்றன. அதன்பின் அந்த வரிசை தரும் பூச்சி எதிர்ப்புக் குணம் மகரந்தம் வழியாகவே தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது. அந்நிலையில் அந்த வரிசை ஆய்வகப் பொருளா, செடியின் பகுதியா? பகுதிதான் என்று கருதி 2018 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு காப்புரிமையை ரத்து செய்தது. சாட்சியங்களை விசாரிக்காமல் அப்படி முடிவெடுக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2021இல் தரப்பினர் சமரசம் செய்துகொண்டதால் கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை. செடிக்குக் காப்புரிமை இல்லாத கனடாவில், அதன் மரபணுவுக்கும் செல்லுக்கும் உள்ள உரிமை பயிரிடும் விவசாயியையும் கட்டுப்படுத்தும் என்று 2004இல் ஷ்மைசர் வழக்கு முடிவு செய்தது.

இந்தியா அந்த வழியில் போகக் கூடாது. வரிசையைக் கண்டுபிடித்தவருக்கு உரிமை தருவது வேறு, அதை விதைக்குள்ளும் தொடர விடுவது வேறு. ஆய்வகத்தில் வடிவமைத்த வரிசைக்கு உரிமை உண்டு, கலப்பினத்தில் பிறக்கும் விதையை அது தொடராது என்று நாடாளுமன்றமே எழுதிவிடலாம். விதைக்கென 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை சேமிக்கும் உரிமையும் அதில்தான் உள்ளது.

பெங்களூரு விண்ணப்பதாரருக்கு வேறு கடமைகளும் உண்டு. கர்நாடகம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால் விண்ணப்பத்தை அங்கே தர வேண்டும். எழுத்தில் முழுமையாக விவரிக்க முடியாத, பொதுவில் கிடைக்காத நுண்ணுயிரை சண்டிகரில் உள்ளது போன்ற அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். உயிரியல் பொருள் எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ, 64ஆம் பிரிவின்படி காப்புரிமையே ரத்தாகலாம். அந்தப் பொருள் இந்தியாவில் கிடைத்ததென்றால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும் குறுக்கே வருகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிறுவனம் காப்புரிமை வழங்கப்படும் முன் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்திய நிறுவனம் அந்தக் கட்டத்தில் ஆணையத்தில் பதிவு செய்தால் போதும். கண்டுபிடிப்பை வணிகமாக்கும்போது ஒப்புதல் பெற வேண்டும்.