எஞ்சினுக்கு நாடி பார்த்த வரலாறு

திருப்பூர் இரயில் நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டைக்கு நீங்கள் பனியன் வாங்கப் போயிருக்கலாம். குறுகிய தெருக்களில் பொதி ஏற்றிய வண்டிகள் ஒன்றையொன்று உரசாத குறையாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நெரிசலில் ஒரு பழைய அம்பாசிடர் கார் நின்று, அதன் எஞ்சினிலிருந்து ‘டிக், டிக்’ என்று ஒரு புதிய ஓசை கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்வார்? எதையும் கழற்றமாட்டார். முதலில் கேட்பார். பிறகு நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சினின் மேல் ஓரிடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொள்வார். சிறிது நேரத்தில், “டாப்பெட் சத்தம்தான், பயமில்லை” என்பார். அல்லது, “பேரிங் போய்விட்டது, இனி ஓட்டாதீர்கள்” என்பார்.

முதல் தீர்ப்புக்கு ஒரு மணி நேர வேலை போதும். இரண்டாவது தீர்ப்பு வந்தால் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும். இவ்வளவு வேறுபாடுள்ள இரண்டு நோய்களை வெறும் காதால் எப்படிப் பிரித்தறிய முடிகிறது? இந்தக் கலையின் வேர்கள் மோட்டார் காருக்கும் முந்தியவை.

பீப்பாயும் மரக்குழலும்

மண்பானை வாங்குபவர் அதை விரலால் தட்டிப் பார்த்து வாங்குவதை நீங்கள் அறிவீர்கள். கீறல் விழுந்த பானையின் ஒலி வேறு. நல்ல பானையின் ஒலி வேறு. ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவுன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி அதில் மது எதுவரை நிரம்பியிருக்கிறது என்று அறியும் வழக்கம் அவருக்குத் தெரியும். அதையே நோயாளியின் மார்பில் செய்து பார்த்து, தட்டியறியும் முறையைப் பற்றி 1761-இல் நூல் வெளியிட்டார்.

1816-இல் பாரிசில் ரெனே லென்னக் என்னும் மருத்துவர் அடுத்த அடியை எடுத்து வைத்தார். மரத்துண்டின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. தாளைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். பின்னர் மரக்குழல் செய்துகொண்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம்.

மெக்கானிக்கின் திருப்புளியும் லென்னக்கின் மரத்துண்டும் ஒரே தத்துவத்தில் இயங்குபவை. காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எஃகிலோ சுமார் 5,000 மீட்டர். ஆனால் இங்கு முக்கியமானது வேகம் அன்று. உலோகத்தில் பிறக்கும் அதிர்வின் மிகச் சிறு பகுதியே காற்றுக்குள் நுழைய முடியும். பெரும்பகுதி உலோகத்தின் பரப்பிலேயே எதிரொலித்துத் திரும்பிவிடும். திருப்புளியின் வழியாகக் கேட்கும்போது அந்த இழப்பு குறைகிறது. தெரு இரைச்சலும் குறுக்கே வருவதில்லை. திருப்புளியை இடம் மாற்றிக்கொண்டே போனால் ஓசை எங்கே மிகுகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான்.

தாளம் சொல்லும் செய்தி

கொங்கு நாட்டில் மோட்டார் வண்டி பரவிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தம் முதல் பேருந்தைத் தாமே ஓட்டினார். அக்காலத்தில் வழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஓடிவரப் பணிமனைகள் ஏது? ஓட்டுநரே மருத்துவராகவும் இருக்க வேண்டியிருந்தது. அவருக்கு இருந்த கருவிகள் கண், மூக்கு, கை, காது ஆகியவையே.

காது முதலில் கவனிப்பது தாளத்தை. இங்குதான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. 1957 முதல் 2014 வரை உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரில் பல காலம் இருந்தது 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இது நான்கு வீச்சு எஞ்சின். கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றினால் கேம் தண்டு ஒரு முறைதான் சுற்றும். கார் நிற்கும்போது எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றுகள் சுற்றுகிறது என்று கொள்வோம். கிராங்க் தண்டு வினாடிக்கு 10 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 5 முறை மட்டுமே திறந்து மூடுகிறது.

ஆகவே ஓசை கிராங்க் தண்டின் வேகத்தில் பாதியளவில் கேட்டால், பெரும்பாலும் அது வால்வுப் பகுதியிலிருந்து வருவது. கிராங்க் தண்டின் வேகத்திலேயே கேட்டால், சந்தேகம் கீழ்ப்பகுதியின்மேல் விழ வேண்டும். பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வட்டப் பின்னல் எந்திரத்தில் ஒரே ஓர் ஊசி உடைந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுகிறது. எந்திரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அதே இடத்தில் அதே குறை திரும்ப வருவதே காரணம். திரும்ப வரும் கால அளவைக் கொண்டு உறுப்பை அடையாளம் காண்கிறோம்.

தாளத்திற்கு அடுத்தபடி, ஓசை எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவதாக இருக்கலாம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைவதால் ஓசை அடங்குகிறது. கீச்சிடும் ஒலியானால், எஞ்சின் நின்றிருக்கும்போது ஃபேன் பெல்ட்டில் சில துளி நீர் தெளித்துவிட்டு இயக்கிப் பார்க்கலாம். ஒலி சற்று நேரம் மறைந்தால் குறை பெல்ட்டில்தான். ஆழ்ந்த ‘டொக், டொக்’ ஒலி வந்தால், ஒவ்வொரு சிலிண்டராக அதன் பொறியை மெக்கானிக் நிறுத்திப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரை நிறுத்தும்போது ஒலி தணிகிறதோ, அதன் பிக்-எண்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம். அங்கே சுமை நீங்கியதால் தட்டல் குறைகிறது. இந்தச் சோதனையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உண்டு. பழகாதவர்கள் கைவைக்கக் கூடாது.

மணிபோல் ஒலிக்கும் சிலிண்டர்

இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் ஓசை பொறியியலாளர்களைப் பல ஆண்டுகள் திணறடித்தது. ஏற்றத்தில் உயர் கியரில் வண்டியை அழுத்தும்போது, உலோகக் குண்டுகளைக் குலுக்குவது போன்ற ‘கிணிங்’ ஒலி எழும். இதை நாக்கிங் என்பார்கள். நாம் இடிப்பு என்போம்.

அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்பொறி அமைப்பே இதற்குக் காரணம் என்று சிலர் குறை கூறினர். காரணத்தைக் கண்டறியும் பணியை அவர் தம் உதவியாளர் தாமஸ் மிட்கிலியிடம் ஒப்படைத்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் மாறுவதை ஒளிக்கற்றையால் பதிவு செய்து பார்த்தபோது, பொறி பற்றிய பின்னரே அழுத்தம் திடீரென எகிறுவது தெரிந்தது. எனவே குற்றம் பொறியில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோவும் ஆராய்ந்து இதை விளக்கினார். பொறியிலிருந்து சுடர் பரவி வரும்போது, இன்னும் எரியாமல் மூலையில் இருக்கும் கலவை நெருக்குண்டு சூடாகி, சுடர் வந்து சேர்வதற்கு முன் தானே வெடிக்கிறது. இதுவே இடிப்பு.

அப்படியானால் உலோக ஒலி ஏன்? உண்மையில் அங்கே உலோகம் எதுவும் மோதவில்லை. வெடித்த வாயு சிலிண்டருக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு அலைபாய்கிறது. நீங்களே கணக்கிடலாம். அம்பாசிடர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் சுமார் 73 மில்லிமீட்டர். இத்தகைய அலைவில் அலைநீளம் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு, அதாவது 0.124 மீட்டர். கொதிக்கும் வாயுவில் ஒலியின் வேகம் வினாடிக்கு 950 மீட்டர் என்று கொண்டால், அதிர்வெண் 950-ஐ 0.124-ஆல் வகுத்துக் கிடைக்கும் ஈவு, சுமார் 7,600 ஹெர்ட்ஸ். வாயு ஒலிக்கிறது; சிலிண்டர் மணிபோல் அதை வெளியே சொல்கிறது.

சாயம் காட்டிய வழி

இடிப்பை நிறுத்த மிட்கிலி எடுத்த முதல் முயற்சி, சாயத்தொழில் செழித்த திருப்பூர் மக்களுக்குச் சுவையாக இருக்கும். எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் அது வெப்பத்தை நன்கு உறிஞ்சி விரைவில் ஆவியாகும், இடிப்பும் நிற்கும் என்று அவர் கருதினார். 1916-இல் ஒருநாள் ஆய்வகத்தில் எண்ணெயில் கரையும் சாயம் இல்லாததால், கையில் கிடைத்த அயோடினைக் கரைத்துச் சிவப்பாக்கினார். இடிப்பு நின்றது! பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைப் போட்டுப் பார்த்தார். ஒரு பயனும் இல்லை. நிறமற்ற அயோடின் சேர்மம் ஒன்றைச் சேர்த்தபோது இடிப்பு அடங்கியது. நிறத்துக்கும் இடிப்புக்கும் தொடர்பில்லை. கருதுகோள் தவறு, ஆனால் சோதனை சரியான வாசலைத் திறந்தது.

காதை மட்டும் நம்பி நூற்றுக்கணக்கான பொருள்களை ஒப்பிட முடியாது. எனவே மிட்கிலியும் தாமஸ் பாய்டும் ஒரு துள்ளும் ஊசியை அமைத்தனர். இடிப்பின்போது ஊசி துள்ளி மின்சுற்றை மூடும். அந்த மின்னோட்டம் அமில நீரைப் பிரித்து வாயுவை உண்டாக்கும். வாயுவின் பருமனே இடிப்பின் அளவு. ஓசை இவ்வாறு எண்ணாக மாறியது. 1926-இல் கிரகாம் எட்கர் ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என வைத்து அளவுகோல் ஒன்றை முன்மொழிந்தார். பெட்ரோல் நிலையத்தில் இன்றும் நாம் காணும் ஆக்டேன் எண் அதிலிருந்து வந்ததே.

அடங்கிய ஓசையும் அடங்காத நஞ்சும்

1921 டிசம்பர் 9-ஆம் நாள் டெட்ரா எத்தில் ஈயம் சோதிக்கப்பட்டது. மிகச் சிறிதளவே இடிப்பை முற்றிலும் அடக்கிவிட்டது. 1923 பிப்ரவரியில் ஓகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. மதுசாரமும் இடிப்பைத் தடுக்கும் என்பது அந்த ஆய்வாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அதைப் பெருமளவில் கலக்க வேண்டும்; ஈயமோ சிறிது போதும், காப்புரிமையும் பெறலாம்.

ஈயம் நஞ்சு என்பது அன்றும் இரகசியமன்று. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தப் பொருளைத் தயாரித்த தொழிலாளர்களில் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தனர். எனினும் விற்பனை தொடர்ந்தது. உலகமெங்கும் வண்டிகளின் புகையோடு ஈயம் தெருவில் படிந்து, குழந்தைகளின் இரத்தத்தில் கலந்து, மூளை வளர்ச்சியைப் பாதித்தது. எஞ்சின் அமைதியானது, அதற்கான விலையைத் தெருவோரக் குழந்தைகள் செலுத்தினார்கள்.

இந்தியாவில் நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயம் நீக்கப்பட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது. அன்று ஒதுக்கப்பட்ட மதுசாரம் இன்று நம் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. அது இடிப்பைத் தடுப்பது உண்மையே. ஆனால் பழைய கார்களின் இரப்பர்க் குழாய்கள் அதைத் தாங்குமா என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

அமைதியும் ஒரு நோய்க்குறி

பழைய கார் வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி இனித்தான் வருகிறது. ஈயத்தின் எச்சம் வெளியேற்று வால்வு அமரும் பீடத்தின்மேல் படிந்து அதைத் தேயாமல் காத்துவந்தது. ஈயம் போன பிறகு, கடினப்படுத்தப்படாத பீடங்கள் நீண்ட வேக ஓட்டத்தில் தேயத் தொடங்கின. பீடம் தேய்ந்தால் வால்வு மேலும் உள்ளே சென்று அமரும். அதன் தண்டு உயரும். தண்டுக்கும் ராக்கர் கைக்கும் இடையே உள்ள, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி சுருங்கும். விளைவு என்ன? வழக்கமான ‘டிக், டிக்’ ஓசை மெல்ல மெல்லக் குறையும்!

“வண்டி முன்னைவிட அமைதியாக ஓடுகிறது” என்று உரிமையாளர் மகிழ்வார். இடைவெளி முற்றிலும் மறைந்தபின் வால்வு சரியாக மூடாது. சுடர் கசிந்து வால்வின் விளிம்பை எரித்துவிடும். சிறிது ஓசையிடும் டாப்பெட்டைவிட ஓசையே இல்லாத டாப்பெட் ஆபத்தானது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதனால்தான். இடைவெளியை அவ்வப்போது அளந்து பார்ப்பதும், எஞ்சினைப் பிரிக்கும்போது கடின உலோகப் பீடங்கள் பொருத்துவதும் இதற்கு மருந்து.

இன்றைய கார்களில் காதின் வேலையை ஒரு சிறு உணரி செய்கிறது. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த உண்மை அதன் அடிப்படை: சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். எஞ்சினில் பொருத்திய அத்தகைய படிகம் இடிப்பின் அதிர்வெண்ணை உணர்ந்தவுடன், கணிப்பொறி பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. ஓட்டுநருக்கு எதுவும் கேட்பதற்கு முன்பே சிகிச்சை முடிந்துவிடுகிறது. கார்புரேட்டர் வைத்த அம்பாசிடருக்கோ ஓட்டுநரின் காதே உணரி.

எனவே, நண்பர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய கார் இருந்தால், அது நலமாக ஓடும் நாளிலேயே அதன் ஓசையை ஒருமுறை கவனமாகக் கேட்டு வையுங்கள். நல்ல ஒலியை அறிந்தவருக்கே கெட்ட ஒலி புலப்படும். புதிய ஓசை எழுந்தால் அதை அடக்க வழி தேடாமல், அது எங்கிருந்து, எந்தத் தாளத்தில், எந்நேரத்தில் வருகிறது என்று கேளுங்கள். ஓசை நின்றுவிட்டால், ஏன் நின்றது என்றும் கேளுங்கள்.